பாடம் போன வழியும் விடை வரும் வழியும்

கைத்தொலைபேசியின் மேல் மூலையில் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கின்றன. தரம் 10 கணிதத்துக்கென்று திறந்த வட்ஸ்அப் குழுவில் சேர் போட்ட பாடம் வந்துவிட்டது. அவருடைய குரல் பதிவும் துப்புரவாகக் கேட்கிறது. பிள்ளை கொப்பியில் கணக்கைச் செய்து, படம் பிடித்து, அனுப்பு என்று அமுக்கினால்தான் வில்லங்கம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கவரேஜ்தான் இருக்கிறதே, ஏன் போகவில்லை?

அந்த நாலு கோடும் சொல்வது பாதிக் கதை. கோபுரத்தின் குரல் நம் தொலைபேசிக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. நம்முடைய குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதற்கு அங்கே கோடு இல்லை. 4ஜி கோபுரத்தின் அலைபரப்பி இருபது, நாற்பது வாட் வலுவோடு பேசக்கூடியது. சட்டைப்பைக்குள் கிடக்கும் தொலைபேசிக்கு விதித்த உச்சம் 0.2 வாட். நூறு, இருநூறு மடங்கு வித்தியாசம். கோபுரத்தின் பெரிய அன்ரனாவும் நுட்பமான வாங்கியும் அதில் ஒரு பங்கை ஈடுசெய்துவிடும், உண்மைதான். ஆனாலும் கோபுரத்தின் எல்லையை நெருங்க நெருங்க முதலில் அறுந்துபோவது பெரும்பாலும் தொலைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் வழி. எல்லையில் நிற்கும் தொலைபேசி தன் முழு வலுவையும் போட்டுக் கத்துகிறது. மின்கலம் சூடாவதும் சார்ஜ் சடாரென்று இறங்குவதும் அதனால்தான்.

வீட்டிலிருந்து படிப்பது என்றவுடன் பாடம் எப்படிப் பிள்ளையிடம் போய்ச் சேரும் என்றே எல்லோரும் கேட்கிறோம். போய்ச் சேர்ப்பதற்கு ஒரு நூற்றாண்டாக வழி இருக்கிறது. பிள்ளையின் விடை எப்படித் திரும்பி வரும் என்பதே கடினமான பாதி.

கொவிட்-19 காரணமாக 2020 மார்ச் 13இல் இலங்கைப் பள்ளிக்கூடங்கள் மூடின. ஒரு வாரத்தில் நாடு முழுதும் ஊரடங்கு. சுமார் 43 இலட்சம் பிள்ளைகள் வீட்டில். ஜூலையில் பள்ளிக்கூடங்கள் மெல்லத் திறந்தன, ஒக்டோபரில் இரண்டாம் அலை வந்து மூடின, மீண்டும் திறந்தன, 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடின. 2020ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குப் போயிற்று. 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பிள்ளைகள் 2022 பெப்ரவரியில்தான் எழுதினார்கள். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் பாடங்கள் இருந்தன. ரூபவாஹினி கூட்டுத்தாபனத்தின் நேத்ரா அலைவரிசையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் 'குருகுலம்' ஓடியது. பாடம் அனுப்புவதில் குறை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. அமைச்சும், வலயங்களும், ஆசிரியர்களும் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

மட்டக்களப்பில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று விளங்க நிலத்தைப் பார்க்கவேண்டும். வாவி வடக்கிலிருந்து தெற்காகக் கடலுக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அகலம் கூடிய இடத்திலும் நாலு கிலோமீற்றர் அளவுதான். கடல் பக்கம் எழுவான்கரை: நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊரோடு ஊர் ஒட்டிய ஒடுங்கிய மண்துண்டு. மேற்கே படுவான்கரை: வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, அதற்கும் அப்பால் வயலும் குளமும் காடும். படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் ஆசிரியர்களில் பெருந்தொகையானோர் எழுவான்கரையிலிருந்து போய்வருகிறவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையைப் பாதையில் ஏறியே கடக்க வேண்டியிருந்தது. பாதை என்றால் ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறும் மிதவை. பாலம் வந்த பிறகும் குருமண்வெளி–மண்டூர் போன்ற துறைகளில் பாதைதான் ஓடியது. ஊரடங்கு விழுந்த அன்று சேர் ஒரு கரையில், பிள்ளைகள் மறு கரையில்.

வானலைக்கு வாவி ஒரு தடையே இல்லை என்பது இதில் வேடிக்கை. திறந்த நீர்ப்பரப்பில் மரமும் சுவரும் குறுக்கே வராது. நீரில் பட்டுத் தெறிக்கும் அலை நேரே வரும் அலையோடு மோதி இடைக்கிடை ஒன்றையொன்று கெடுக்கும். அதைத் தவிர நீர் வானலைக்கு நல்ல வழிதான். எழுவான்கரைக் கோபுரத்தைப் பார்த்தபடி வாவி ஓரம் குடியிருக்கும் வீட்டுக்குச் சிக்னல் குறைவிருக்காது. உள்ளே போகப் போகத்தான் கதை மாறும். நிறுவனங்கள் ஆட்தொகையைப் பார்த்துக் கோபுரம் நடுகின்றன. வயலுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும் குடிகளுக்காக நெருக்கமாக நடுவதில்லை. தென்னோலைக்கும் பச்சை இலைக்கும் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அது அலையை விழுங்கிச் சிதறடிக்கும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், பூமியின் வளைவு மறைக்கும் முன் வானலை எத்தனை கிலோமீற்றர் போகும் என்று வரும். 50 மீற்றர்க் கோபுரத்துக்கு 29 கிலோமீற்றர். நின்றபடி தொலைபேசியைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளைக்கு வெறும் ஐந்து. அதே பிள்ளை 30 மீற்றர்ப் பாறையில் ஏறினால் 22. 2021இல் ஊவா மாகாணத்துப் போஹிதியாவக் கிராமத்துப் பிள்ளைகள் நாற்பத்தைந்து பேரளவில் மூன்று கிலோமீற்றர் காட்டுவழி நடந்து, பாறை உச்சியில் ஏறிப் பாடம் பார்த்த படங்கள் உலகம் சுற்றின. சிறுத்தையும் யானையும் உலவும் வழி அது. படத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் ஆர்வத்தைப் புகழ்ந்தார்கள். அந்த ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு வர்க்கமூலம் இருப்பதை யாரும் சொல்லவில்லை. படுவான்கரைப் பிள்ளைக்கு அந்த வசதியும் குறைவு. தட்டை நிலம், பொழுதுபட்டால் யானைப் பயம். வெல்லாவெளிப் பக்கம் மாலை ஆறு மணிக்குப் பிறகு கவரேஜ் தேடிப் பிள்ளையை வெளியே விடும் தாய் யார்?

சரி, அலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அளவு. சாதாரணத் தொலைபேசிப் பேச்சுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 12 கிலோபிட் போதும். ஸூம் போன்ற கூட்டு வீடியோவுக்குக் குறைந்தது 600 வேண்டும், ஐம்பது மடங்கு. மணிக்கு 270 மெகாபைட், தரம் கூடினால் ஒரு ஜிகாபைட்டையும் தொடும். கூலிவேலையில் அல்லது வலைவீச்சில் அன்றாடம் தேடும் வீட்டில் இந்த டேட்டா காசு அரிசிக் காசோடு மோதும். 2020இல் நாட்டின் ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. மற்ற வீடுகளுக்குத் தொலைபேசிதான் கதி, அதுவும் ஒன்று, அதுவும் காலையில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மூன்று வகுப்பில் மூன்று பிள்ளை இருந்தால் இரவு ஏழு மணிக்கு அந்த ஒரு தொலைபேசிக்கு வரிசை. 43 இலட்சம் பேரில் கூடினால் நாற்பது வீதத்தினரே இணைய வகுப்புக்கு வரக்கூடியவர்கள் என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் 2021இல் மதிப்பிட்டார். அந்த ஆண்டு ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் இணையக் கற்பித்தலை நிறுத்திப் போராடினார்கள். சம்பள முரண்பாடுதான் முதற் காரணம். சொந்தக் காசில் டேட்டா போட்டுப் படிப்பித்த கோபமும் சேர்ந்திருந்தது.

இனி, அந்தச் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று கிட்டப் பார்ப்போம். பிள்ளை பிடித்த படம் மூன்று, நாலு மெகாபைட். வட்ஸ்அப் அதைச் சில நூறு கிலோபைட்டாக நசுக்கி அனுப்புகிறது. நசுக்கும் வித்தை ஜேபெக் முறையில் இருக்கிறது: படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் மெதுவாக மாறும் அலைகளும் வேகமாக மாறும் அலைகளுமாகப் பிரிக்கும். மனிதக் கண் வேகமான நுண் மாற்றங்களைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆகவே அவற்றை முதலில் வீசிவிடும். இதற்கு அடித்தளமான கொசைன் உருமாற்றத்தை 1974இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவர். இன்று தொலைபேசியில் நாம் பார்க்கும் படத்திலும் வீடியோவிலும் பெரும்பகுதி அவர்கள் போட்ட வழியில்தான் வருகிறது.

முகத்துக்கும் பூவுக்கும் அருமையான வித்தை. கொப்பித் தாளுக்கு அவ்வளவு நல்லதல்ல. மங்கிய குண்டு பல்பு வெளிச்சத்தில், கோடு போட்ட தாளில், பென்சிலால் எழுதிய கணக்கில் மெல்லிய கோடு எது? கழித்தல் குறி. வேகமான நுண் மாற்றம் என்று அது கழிந்துபோகிறது, அல்லது தாளின் கோட்டோடு கலந்துபோகிறது. மறுகரையில் சேர் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்க்கிறார். மைனஸ் மூன்றா, மூன்றா? பிள்ளை பிழைவிட்டதா, படம் பிழைவிட்டதா? இப்படி முப்பத்தைந்து படங்கள். இரவு பதினொரு மணிக்கு அவர் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் அடையாளம் போட்டுவிட்டுப் படுத்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

விடை திரும்பி வருவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? பாடம் கேட்டால் போதாதா? போதாது என்பதற்கு 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த எளிய பரிசோதனை இருக்கிறது. ஒரு பந்தியை வாசித்தவர்களில் ஒரு பகுதியினர் அதையே திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள் முன்னே: 81 வீதம், எதிரில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: திரும்ப வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மூளை உள்ளே வாங்கும்போது பதிவதைவிட வெளியே எடுக்கும்போது பதிவது ஆழம். எடுத்தது சரியா பிழையா என்று ஒருவர் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

வகுப்பறையில் இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கிறது. பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி, பத்து மொழிகளில் அளந்து பார்த்த ஆய்வின்படி, சராசரியாக 200 மில்லிசெக்கன் அளவு. கண்ணிமைப்பை ஒத்த நேரம். தொலைபேசி இணைப்பில் ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெக்கனைத் தாண்டாமலிருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்வதும் இதையொட்டித்தான். பலவீனமான இணைப்பில் அது அரைச் செக்கன், ஒரு செக்கன் என்று போகும். "விளங்கிச்சா?" என்று சேர் கேட்கிறார். மைக்கை அணைத்து வைத்த முப்பது பெயர்கள் திரையில். மௌனம். விளங்கியதால் வந்த மௌனமா, இணைப்பு அறுந்த மௌனமா? பள்ளிக்கூடத்தில் என்றால் பின்வாங்கில் ஒருவன் புருவத்தைச் சுருக்கியதைப் பார்த்தே அவர் அடுத்த உதாரணத்துக்குப் போயிருப்பார்.

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததல்ல. 1937 செப்டெம்பரில் சிக்காகோவில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது பள்ளிக்கூடங்கள் திறப்பது தள்ளிப்போனது. நகரக் கல்வி நிர்வாகம் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சுமார் 3,15,000 பிள்ளைகளுக்கு வானொலியில் பதினைந்து நிமிடப் பாடங்கள் நடத்தியது. பத்திரிகைகள் அன்றன்றைய பாடக் குறிப்பை அச்சிட்டன. இரைச்சல் கூட, வேகம் கூட என்று பெற்றோர் முறையிட்டார்கள். கேள்வி கேட்க ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்தார்கள். அழைப்புகள் குவிந்ததால் பதில் சொல்லும் ஆசிரியர்களின் தொகையைக் கூட்டவேண்டி வந்தது. 1951இல் அவுஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கிய வானொலிப் பள்ளிக்கூடம் வேறு வழியில் போயிற்று. பறக்கும் மருத்துவர் சேவையின் இருவழி வானொலியை இரவல் வாங்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பண்ணை வீட்டுப் பிள்ளை பொத்தானை அமுக்கித் திரும்பப் பேசலாம். அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது.

இருவழி இல்லாவிட்டாலும் ஏதாவது செய்யலாம் என்று காட்டியது நிக்கரகுவா. 1974 முதல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் அங்கே நடத்திய வானொலிக் கணிதத் திட்டத்தில் ஒலிபரப்பாளர் கேள்வி கேட்பார். சில செக்கன் பேசாமல் இருப்பார். பிள்ளைகள் உரத்து விடை சொல்வார்கள். பிறகு அவர் சரியான விடையைச் சொல்வார். அவ்வளவுதான். அந்தச் சில செக்கன் வெறுமையில்தான் படிப்பு நடந்தது. கணிதப் புள்ளிகள் தெளிவாகக் கூடின. நம் கொத்மலையிலும் இதற்கு உறவான ஒன்று நடந்திருக்கிறது. 1990களின் கடைசியில் கொத்மலைச் சமூக வானொலி, கிராமத்தவர் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் தேடி, கண்டதைச் சிங்களத்தில் ஒலிபரப்பியது. ஊருக்கு இணையம் இல்லை, நிலையத்துக்கு இருந்தது. கேள்வி ஊரிலிருந்து வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் இதைக் கச்சிதமாகச் சோதித்தவர்கள் பொட்ஸ்வானாக்காரர். 4,500 குடும்பங்களை மூன்று கூறாக்கினார்கள். ஒரு கூறுக்கு ஒன்றுமில்லை. இன்னொன்றுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி, சின்னச் சின்னக் கணக்குகளோடு. மூன்றாவதுக்குக் குறுஞ்செய்தியோடு பதினைந்து, இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பு: தாய் ஸ்பீக்கரில் போடுவார், பிள்ளை கணக்கைச் செய்து சொல்லும். 2022இல் 'நேச்சர் ஹியூமன் பிகேவியர்' ஆய்விதழில் முடிவு வந்தது. குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. அழைப்பும் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். பிறகு இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டா என்று ஐந்து நாட்டில் செய்து பார்த்தார்கள். அங்கும் தொலைபேசிப் பாடம் பலித்தது. வீடியோ இல்லை, செயலி இல்லை, ஸ்மார்ட்போனும் வேண்டாம். அந்தச் செக்கனுக்கு 12 கிலோபிட் பேச்சு போதும், பழைய 2ஜியிலும் ஓடும்.

படுவான்கரையிலும் நாட்டின் மற்றப் பின்தங்கிய பகுதிகளிலும் ஆசிரியர்கள் கைக்கொண்ட வழி அச்சிட்ட செயலட்டை. பள்ளிக்கூடத்தில் றோணியோவிலோ கடையில் போட்டோகொப்பியாகவோ எடுத்து, படலையடியில் பெற்றோரிடம் கொடுத்து, அடுத்த கிழமை விடையோடு திரும்ப வாங்குவது. இணைய யுகத்தில் இது பின்னோக்கிய வேலையாகத் தெரியலாம். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. முப்பத்தைந்து பிள்ளைகள், ஆளுக்குப் பத்துத் தாள், தாளொன்று படமாக மூன்று மெகாபைட் என்று எடுத்தால் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல். மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் அது வந்து சேர்ந்தால், செக்கனுக்கு இரண்டு மெகாபிட்டுக்குக் கூடிய வேகம். கோபுர எல்லையில் திணறும் தொலைபேசியால் அனுப்ப முடியாத வேகம் அது. கழித்தல் குறியும் கழியாது. இன்னொன்று: காகிதத்துக்குப் போகும் வழியும் வரும் வழியும் ஒரே அகலம். அதற்கும் சோதனை வந்தது. 2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அதே மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம். மின்சாரம் போனால் கோபுரம் மின்கலத்தில் கொஞ்ச நேரம்தான் உயிரோடிருக்கும். டீசலும் கிடைக்காத காலம் அது. ஜூனில் எரிபொருள் தீர்ந்து பள்ளிக்கூடங்கள் மறுபடி மூடின. ஜூலை 25இல் வாரம் மூன்று நாளுக்குத் திறந்தபோது மிச்ச இரண்டு நாளும் வீட்டுப் படிப்பு.

கொவிட் போய்விட்டது, இனி எதற்கு என்று கேட்கக்கூடும். மட்டக்களப்புக்கு மாரி போகவில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அடித்து வாவி ஏறினால், ஆற்றுவாய் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும்வரை படுவான்கரை வீதிகள் நீருக்குள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடங்கள் இடைத்தங்கல் முகாம்களாகும். காகிதம் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் அப்போது ஓடாது. மிஞ்சுவது தொலைபேசிப் பேச்சுத்தான்.

இடைவிட்டுப்போன படிப்பை மீட்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அளந்த சான்று இருக்கிறது. 2021 ஒக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்து ஆறு மாதத்துக்குள் கிராமத்துப் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் முரளிதரன், சிங், ரொமேரோ ஆகியோரின் ஆய்வு காட்டியது.

மாரியில் மிஞ்சும் அந்தத் தொலைபேசி அழைப்புக்கும் அப்படி ஆள் வேண்டும், ஆள்தான் முடை. முப்பத்தைந்து பிள்ளைக்கு இருபது நிமிடம் என்றால் வாரம் 700 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையில் பதினேழரை. கணித சேரின் தலையில் அதையும் கட்ட முடியாது. ஆனால் உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு மாதக்கணக்காக, சில வேளை ஒரு வருடத்துக்கு மேலாகவும் காத்திருக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தரம் 10 கணிதம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆளுக்கு ஐந்து பிள்ளை என்று பிரித்தால் ஒரு வகுப்புக்கு ஏழு பேர் போதும், ஆளுக்கு வாரம் நூறு நிமிடம். அவர்களுடைய ரீலோட் காசை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்பதை மட்டும் மாரிக்கு முன்னர் வலயக் கல்வி அலுவலகங்கள் தீர்த்துவைக்கவேண்டும்.